நிழலில் நின்ற மாப்பிள்ளை வீட்டார்

எங்கள் வீட்டு ஆல்பத்தில் ஒரு பக்கத்தில் என் மகள் பத்தாம் வகுப்பு முடித்த சிறுமி, இரட்டைச் சடையும் பள்ளிச் சீருடையுமாக நிற்கிறாள். அடுத்த பக்கத்தைத் திருப்பினால் ஒரு கல்யாணப் படத்தில் வளர்ந்த பெண். நடுவில் ஒன்றும் இல்லை. பார்க்கிறவர்கள் ஒரு தாள் கிழிந்துவிட்டதோ என்று கேட்பார்கள். தாள் கிழியவில்லை. அந்த வருடங்களில் அவள் எந்தக் கேமராவின் முன்னும் நிற்கவில்லை.

ஆம்பூர் வழியாகப் போகும் நெடுஞ்சாலையை அப்போது நாலு வழியாக்கிக் கொண்டிருந்தார்கள். ஒரு பக்கம் தார், மறுபக்கம் ஜல்லிக் குவியல். என் கணவர் அவளை ஸ்கூட்டரில் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு வந்தபோது முன் சக்கரம் ஜல்லியில் ஏறி வழுக்கியது. அவருக்குத் தோள்பட்டை எலும்பு முறிந்தது. அவளுடைய வலது கன்னம் சாலையில் தேய்ந்துகொண்டே போய்விட்டது. நான் அப்போது பள்ளியில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். தலைமையாசிரியை அறைக்கு ஃபோன் வந்தது என்று ஆயாம்மா வந்து கூப்பிட்டார். இன்றைக்கும் அந்த அறையில் ஃபோன் அடித்தால் என் கையில் இருக்கும் சாக்பீஸ் உடைந்துவிடுகிறது. மற்ற ஆசிரியைகளுக்கு இது தெரியும். யாரும் சொல்லிக்காட்டுவதில்லை.

வேலூர் ஆஸ்பத்திரியில் நல்லபடியாகத் தைத்தார்கள். உயிருக்கு ஒன்றும் இல்லை, கண் தப்பித்தது, பல் தப்பித்தது. காதுக்குக் கீழே தொடங்கி உதட்டோரம் வரை வந்து நிற்கும் ஒரு தழும்பு மட்டும் தங்கிவிட்டது. அது உதட்டை லேசாக இழுத்துப் பிடித்திருக்கும். சிரித்தால் இடது பக்கம் முதலில் சிரிக்கும். வலது பக்கம் கொஞ்சம் தாமதமாக வந்து சேரும்.

கட்டுப் பிரித்த நாளில் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். என் கணவருக்குத் தோல் பதனிடும் டேனரியில் வேலை. முடித்து வந்த தோல்களை மேஜை மேல் விரித்து, ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்து, இது முதல் தரம், இது இரண்டாம் தரம், இது கழிவு என்று பிரிப்பதுதான் அவருடைய நாள் முழுக்க நடக்கும் வேலை. அன்று நர்ஸ் கட்டைப் பிரித்ததும் குனிந்து அவள் கன்னத்தைப் பார்த்தார். ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிப் பார்த்தார். பிறகு கண் கலங்க, “ஒண்ணும் இல்ல பாப்பா, ஃபர்ஸ்ட் செலக்‌ஷன்தான்” என்றார்.

அவர் வாயிலிருந்து அதைவிடப் பெரிய பாராட்டு வராது. எனக்குத் தெரியும். ஆனால் அவளுக்குத் தன்னை மேஜையில் விரித்துப் புரட்டியது போல இருந்திருக்கிறது. அன்றிலிருந்து அப்பாவோடு பேச்சு, சாப்பாடு வைக்கவா, தண்ணி புடிச்சாச்சா என்ற அளவுக்கு வந்துவிட்டது. நான் ஒருமுறை அவருக்கு விளக்கப் பார்த்தேன். “நான் நல்லதுதானே சொன்னேன்” என்று என்னையே கேட்டார்.

பன்னிரண்டாம் வகுப்பை வீட்டிலிருந்தே எழுதினாள். கல்லூரிக்குப் போகமாட்டேன் என்று தபால் வழியில் பட்டப்படிப்புக்குச் சேர்ந்தாள். யார் வீட்டுக்கு வந்தாலும் தன் இடது பக்கம் அவர்களுக்குத் தெரியும்படி நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்காருவாள். கோயிலில் வலது பக்கச் சுவரோரம்தான் உட்காருவாள். எங்களைப் போன்ற கிறிஸ்தவர்கள் கோயில் என்று சொல்வது சபை கூடும் தேவாலயத்தை. யாராவது அவளிடம் ஏதாவது கேட்டால் நான் முந்திக்கொண்டு பதில் சொல்லிவிடுவேன். அவள் அறைக் கதவு சாத்தியிருந்தால் கூடத்தில் எதையாவது எடுத்து வைக்கிற சாக்கில் நடந்துகொண்டே இருப்பேன். உள்ளே புத்தகம் புரளும் சத்தம் கேட்டால்தான் அடுப்படிக்குப் போவேன். அதற்குள் என் காபி ஆறிப்போயிருக்கும்.

அவளுக்குக் கம்ப்யூட்டர் நன்றாக வந்தது. பஜாரில் ஸ்டூடியோ வைத்திருந்தவர் எங்களுக்குப் பழக்கம். நாங்கள் எல்லோரும் பாய் என்றுதான் கூப்பிடுவோம். பிலிம் கேமராவை விட்டுவிட்டு டிஜிட்டலுக்கு அவர் மாறிய நேரம் அது. கேமரா அவருக்குக் கைவந்தது, கம்ப்யூட்டர் வரவில்லை. “மவுஸைப் புடிச்சா கை நடுங்குது டீச்சர். அம்பு ஒரு பக்கம் போவுது, நான் ஒரு பக்கம் போறேன்” என்று என்னிடம் புலம்பினார். அவளை வேலைக்குக் கேட்டுப் பார்க்கட்டுமா என்றார். அவள் மறுத்துவிடுவாள் என்று நினைத்தேன். சரி என்றாள்.

முதலில் சந்தோஷப்பட்டேன். பிறகு போய்ப் பார்த்தபோதுதான் புரிந்தது. கம்ப்யூட்டர் பின்னறையில், பச்சைத் திரைக்கு உள்ளே இருந்தது. முன்னால் வந்து போகும் வாடிக்கையாளர் யாருக்கும் அவள் தெரியமாட்டாள். நாள் முழுக்க அடுத்தவர் முகங்களைப் பார்த்துக்கொண்டு, தன் முகத்தை யாரும் பார்க்காமல் இருக்க ஒரு நல்ல இடம் கிடைத்துவிட்டது. வீட்டில் ஒரு அறை போதாது என்று ஊரில் இன்னொரு அறை.

ஆனாலும் வீட்டில் பேச ஆரம்பித்தாள். அதுவும் வேலையைப் பற்றித்தான். எங்கள் ஊரில் படம் எடுத்துக்கொள்கிற எல்லோருக்கும் ஒரே ஆசை, முகம் வெளுப்பாக வர வேண்டும். பாய் பிரைட்னஸை ஏற்றச் சொல்வார். ஏற்றினால் முகத்தோடு சேர்ந்து வெள்ளைச் சட்டையும் எரிந்து, பொத்தான் எது, பாக்கெட் எது என்று தெரியாமல் போய்விடும். அவளாகத் துழாவி வேறொன்றைக் கண்டுபிடித்திருந்தாள். ஷேடோ, ஹைலைட் என்று திரையில் மவுஸால் தள்ளுகிற இரண்டு கோடுகள். ஒன்றைத் தள்ளினால் படத்தில் இருட்டாக இருக்கிற இடங்கள் மட்டும் மேலே வரும். மற்றொன்றைத் தள்ளினால் கண் கூசுகிற இடங்கள் மட்டும் அடங்கும். நடுவில் இருப்பது பெரும்பாலும் அப்படியே இருக்கும்.

ஒரு ஷூ கம்பெனியில் கறுப்பு ஷூக்களைப் படம் பிடித்து வெளிநாட்டுக்கு அனுப்பக் கொடுத்திருந்தார்களாம். படத்தில் அது கரித்துண்டு மாதிரி கிடந்ததாம். ஷேடோவைக் கொஞ்சம் ஏற்றியதும் தையல் ஒவ்வொன்றாக வெளியே வந்ததாம். அவள் இதைச் சொன்னபோது கூடத்தில் என் கணவர் பேப்பரை மடக்காமல், ஆனால் படிக்காமலும் உட்கார்ந்திருந்தார்.

அளவுக்கு மீறி ஏற்றவும் கூடாது. முகம் சாம்பல் பூசிய மாதிரி ஆகிவிடும். இருட்டான மூலைகளில் சிவப்பும் பச்சையுமாகப் புள்ளிகள் மொய்க்கும். தலையைச் சுற்றி ஒரு வெளிச்சக் கோடு கிளம்பும். ஆரம்பத்தில் ஒரு கவுன்சிலரின் படத்தை அப்படி ஏற்றிவிட, பாய் பார்த்துவிட்டு, “இன்னாம்மா, இவனைப் போயி மகான் ஆக்கிட்ட. தலைக்குப் பின்னாடி ஒளி அடிக்குது” என்றாராம். இதைச் சொல்லும்போது அவள் உதடு அசைந்தது. முழுச் சிரிப்பு இல்லை. இடது பக்கம் மட்டும்.

அந்த வருடம் மே மாதம் வேலூரில் என் அண்ணன் மகளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை வீட்டார் அரக்கோணம். படம் எடுக்க எங்கள் பாயையே ஏற்பாடு செய்திருந்தோம். வரமாட்டேன் என்று சொன்ன என் மகள், கல்யாணப் பெண் நேரில் வந்து அழுததால் வந்தாள்.

எங்கள் பக்கத்துக் கல்யாணங்களில் பெண்ணுக்கு வெள்ளைப் பட்டுப்புடவை மாப்பிள்ளை வீட்டு வரிசை. ஆரணியில் சொல்லி நெய்து, வெள்ளி ஜரிகைக் கரை போட்டுக் கொண்டுவந்திருந்தார்கள். பிலிம் காலத்துப் படங்களில் அந்தப் புடவைகளின் கரை ஒருநாளும் தெரிந்ததில்லை. மணப்பெண் கழுத்திலிருந்து கால் வரை ஒரே வெள்ளைப் பூச்சாக நிற்பாள். அந்தக் குறை இந்த முறை வரக்கூடாது என்று அண்ணன் பாயிடம் காலையிலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தார். “சம்பந்தி அம்மா கேப்பாங்க. கரை தெரியணும் பாய்.”

ஆராதனை முடிந்து வெளியே வரும்போது உச்சி வெயில். வேலூர் மே மாத வெயிலைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. கோயில் படிக்கட்டில் இரண்டு குடும்பமும் சேர்ந்து ஒரு படம் எடுப்பது வழக்கம். அண்ணன் மரியாதை தெரிந்தவர். வந்தவர்களை வெயிலில் நிறுத்தக்கூடாது என்று மாப்பிள்ளை வீட்டார் அத்தனை பேரையும் மேல்படியில், போர்டிகோ நிழலில் நிறுத்தினார். நடுப்படியில் வெயில் பட மணமக்கள். கீழே மண்ணில், முழு வெயிலில் நாங்கள், பெண் வீட்டார்.

என் மகள் எங்களோடு நிற்கவில்லை. மெதுவாக நழுவி, மாப்பிள்ளை வீட்டாரோடு மேலே, நிழலின் கடைசி ஓரத்தில் தூணை ஒட்டி நின்றுகொண்டாள். வலது கன்னம் தூண் பக்கம். நான் பார்த்தேன். கூப்பிடவில்லை.

பாய் புடவைக் கரைக்காகக் கேமராவில் எதையெதையோ திருகிக்கொண்டே இருந்தார். கீழே எங்களுக்குத் தலை கொதித்தது. அப்போதுதான் என் கணவர், கோட்டுக்குள் வியர்த்து வழிந்துகொண்டு, குரலை உயர்த்தினார்.

“பாய், சீக்கிரம் அமுக்குங்க. இங்க நாங்க காயப்போட்ட தோல் மாதிரி விறைச்சிட்டோம். இன்னும் கொஞ்ச நேரம் போனா ஆணி அடிச்சு மாட்டிடலாம்.”

மேலே நிழலில் நின்ற அரக்கோணத்துக்காரர்கள் எல்லோரும் சிரித்தார்கள். பாய் அமுக்கினார்.

நாலைந்து நாள் கழித்து அண்ணனிடமிருந்து ஃபோன். குரலே சரியில்லை. பாய் கம்ப்யூட்டரில் படங்களைக் காட்டியிருக்கிறார். புடவை அற்புதமாக வந்திருந்தது, கரையில் இருந்த மாங்காய் ஒவ்வொன்றையும் எண்ணலாம் போல. ஆனால் அதற்காக வெளிச்சத்தைக் குறைத்து எடுத்ததில், மரியாதையாக நிழலில் நிறுத்திய மாப்பிள்ளை வீட்டார் மொத்தமும் கறுப்பாகிவிட்டார்கள். வெயிலில் நின்ற நாங்கள் பளபளவென்று இருந்தோம். இரண்டு குடும்பமும் சேர்ந்து நின்றது அந்த ஒரே படத்தில்தான். “மாப்பிள்ளைக்குப் பெரிய அக்கா ஒருத்தி இருக்கா. அவ மூஞ்சி தெரியலைன்னா பெரிய பேஜாரா ஆயிடும்மா. பொண்ணு அந்த வூட்டுல வாழணும். உம் பொண்ணுகிட்ட சொல்லி எப்படியாவது ஏத்தச் சொல்லு” என்றார்.

நான் மகளிடம் சொன்னபோது அவள் பயப்படவில்லை. “பாய் புடவைக்காகக் கம்மியா வச்சு எடுத்ததே நல்லதும்மா. வெள்ளையா எரிஞ்சு போயிருந்தா அதுல ஒண்ணும் இருக்காது, இறக்கினா சாம்பல்தான் வரும். இருட்டுல இருக்கிறவங்க அங்கியேதான் இருக்காங்க. கொண்டாந்துடலாம்” என்றாள். நான் அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன்.

மறுநாள் சாயங்காலம் சோதனைக்கு ஒரு பிரதி எடுத்துக்கொண்டு வந்தாள். யாராவது விட்டுப்போயிருக்கிறார்களா என்று சொல்லச் சொன்னாள். கூடத்து ட்யூப்லைட் அடியில் படத்தை வைத்துக்கொண்டு என் கணவர் விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். மாப்பிள்ளையின் கறுப்புக் கோட்டில் பொத்தான் தெரிந்தது. பெரிய அக்கா தெரிந்தார், மூக்குத்தி உட்பட. அவருடைய கணவர், மாமா, சித்தப்பா, பெரியம்மா எல்லோரும் இருட்டிலிருந்து வெளியே வந்திருந்தார்கள். சாம்பல் இல்லை, தலையைச் சுற்றி ஒளி இல்லை. நான் நல்லா இருக்கு என்றேன்.

அவர் விரல் தூணுக்குப் பக்கத்தில் போய் நின்றது. அந்த ஓரம் மட்டும் கறுப்பாகவே இருந்தது.

“நீ எங்க?” என்று கேட்டார்.

நான் வழக்கம்போல, அவ எங்கேயோ தள்ளி நின்னிருப்பா என்று ஆரம்பித்தேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை.

“இந்தத் தூண்கிட்டதான் நின்ன. நான் சொன்னதுக்குச் சிரிச்ச. எல்லாரும் சிரிச்சாங்க, நான் திரும்பி உன்னைத்தான் பாத்தேன்.” விரலை எடுக்காமல், “சிரிச்சியே பாப்பா” என்றார். திட்டுவது போல இல்லை. தான் கண்டது நிஜம்தானா என்று அவளிடம் உறுதி கேட்பது போல இருந்தது.

அவள் படத்தை வாங்கிக் கவரில் போட்டுக்கொண்டு அறைக்குப் போனாள். நான் கூடத்தில் நடக்க ஆரம்பித்தேன். உள்ளே புத்தகச் சத்தம் எதுவும் கேட்கவில்லை. அவர் அப்படியே உட்கார்ந்திருந்தார். ஏன் கேட்டீங்க என்று சண்டை போட வாய் வரை வந்தது. போடவில்லை. இத்தனை வருடமாக நான் கேட்காமல் இருந்த கேள்வி அது.

பள்ளி விடுமுறை என்பதால் மறுநாள் மதியச் சாப்பாட்டை நானே ஸ்டூடியோவுக்குக் கொண்டுபோனேன். திரையை விலக்கியபோது அந்தப் படம்தான் கம்ப்யூட்டரில் இருந்தது. தூணோரத்தைப் பெரிதாக்கி வைத்திருந்தாள். முந்தின நாள் எல்லோரையும் மேலே கொண்டுவந்தபோது தன் மேல் மட்டும் வெளிச்சம் ஏறாதபடி மறைப்புப் போட்டு விட்டிருக்கிறாள். இப்போது அந்த மறைப்பை அழிக்க மவுஸால் பிரஷ்ஷை ஓட்டிக்கொண்டிருந்தாள். கறுப்பிலிருந்து முதலில் அவளுடைய தாவணி வந்தது. பிறகு கழுத்துச் சங்கிலி. பிறகு முகம்.

அவள் தூண் பக்கம் திரும்பியிருக்கவில்லை. அப்பாவின் குரல் வந்த பக்கம் முழுதாகத் திரும்பியிருந்தாள். வாய் திறந்து சிரித்துக்கொண்டிருந்தாள், கண் சுருங்க, தழும்பு உதட்டை இழுக்க, கோணலாக, நிறைய. நிழலில் நிற்கிறோம், படத்தில் விழமாட்டோம் என்ற தைரியத்தில் சிரித்திருக்கிறாள். ஆஸ்பத்திரிக்குப் பிறகு அப்படி ஒரு சிரிப்பை நான் பார்த்ததில்லை. சாப்பாட்டுக் கேரியரை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்திருந்தேன்.

பாய் எட்டிப் பார்த்தார். நல்ல மனதோடுதான் சொன்னார். “கன்னத்துல அதை எடுத்துடேம்மா. பக்கத்துத் தோலை எடுத்து மேல பூசுறதுக்குத்தான் ஒண்ணு இருக்குதே. தெனம் எத்தனை பேருக்குப் பரு எடுக்கிற.”

எடுத்துவிடு என்று சொல்ல என் நாக்கும் தயாராகத்தான் இருந்தது. பெரிய படமாகப் போடப்போகிறார்கள். அரக்கோணத்தில் எத்தனை வீட்டில் மாட்டுவார்களோ. எத்தனை பேர் விரல் வைத்துக் கேட்பார்களோ.

“காலைல எடுத்துப் பாத்தேன் பாய்” என்றாள். “தழும்பு போச்சு. கூடவே சிரிப்பும் போச்சு. உதடு சும்மா கோணிக்கிட்டு நிக்குது, ஏன்னே தெரியல. யாரோ மாதிரி இருந்துச்சு. வேணாம், திரும்பக் கொண்டாந்துட்டேன்.”

பாய் தாடியைத் தடவிக்கொண்டே குனிந்து பார்த்தார். “அப்ப கொஞ்சம் கம்மியா ஏத்து. ஜாஸ்தியா ஏத்தினா புள்ளி வரும்” என்று தொழில் பேச்சுக்குப் போய்விட்டார். அவள் பெரிய அக்காவின் முகத்தையும் தன் முகத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்து, இரண்டும் ஒரே நிழலில் நிற்கிற மாதிரி ஷேடோ கோட்டை முன்னும் பின்னும் தள்ளிக்கொண்டிருந்தாள். அவர்களைவிட வெளிச்சமாகவும் இல்லை, இருட்டாகவும் இல்லை. அது சரியாக வர நேரம் பிடித்தது. சாப்பாடு ஆறிப்போனது.

அன்று வீட்டில் புதுப் பிரதியை அப்பாவிடம் அவளே கொடுத்தாள். அவர் மூக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தார். ஜன்னல் பக்கம் எடுத்துப் போகவில்லை, சாய்த்துப் பார்க்கவில்லை. “நான் சொன்ன ஜோக்கு அவ்வளவு நல்லாவா இருந்துச்சு?” என்று கேட்டார். “ரொம்ப மட்டம்பா” என்றாள். அவர் திரும்பத் திரும்ப அதைச் சொல்லிக்கொண்டு சட்டையை மாட்டினார், ரொம்ப மட்டமாம்.

ஆல்பம் தயாரானதும் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆராதனைக்குப் பிறகு அண்ணன் வீட்டில் விருந்து. அரக்கோணத்துக்காரர்களும் வந்திருந்தார்கள். ஆல்பத்தை நான் கொண்டுபோகிறேன், நீ வர வேண்டாம் என்று மகளிடம் முந்தின நாளே சொல்லியிருந்தேன். அவள் எனக்கு முன்னால் புடவை கட்டித் தயாராக நின்றாள். பஸ்ஸில் அவள் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். ஒவ்வொரு லாரியும் எதிரே வரும்போது நான் முன் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். நெடுஞ்சாலை அதற்குள் வழவழப்பாகிவிட்டிருந்தது. என் கைக்கு மட்டும் அது இன்னும் தெரியவில்லை.

அண்ணன் வீட்டுக் கூடத்தில் ஆல்பம் மடி மாறி மடி போனது. புடவைக் கரையைச் சம்பந்தி அம்மா மூன்று பேரைக் கூப்பிட்டுக் காட்டினார். அண்ணன் அப்போதுதான் மூச்சு விட்டார். பிறகு ஆல்பம் பெரிய அக்காவிடம் போனது. அவர் தன்னைத் தேடிக் கண்டுபிடித்தார், மூக்குத்தியைப் பார்த்துத் திருப்தியானார். அப்புறம் விரல் நகர்ந்தது. விரல் தூணோரத்தில் நின்றது.

“இந்தச் சிரிக்கிற பொண்ணு யாரு? நம்ம பக்கம் நிக்குது, நம்ம ஆளு இல்லையே.”

நான் வாயைத் திறந்துவிட்டேன். கூடத்தின் அந்தப் பக்கத்திலிருந்து, “நான்தாங்க அத்தை” என்று குரல் வந்தது. அவள் எல்லோருக்கும் நேராக, ஜன்னலுக்கு எதிரே நின்றுகொண்டிருந்தாள்.

பெரிய அக்கா படத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். கன்னத்தில் என்ன என்று கேட்டார். அவள் ஸ்கூட்டர், ஜல்லி, ஆஸ்பத்திரி என்று நாலு வாக்கியத்தில் சொன்னாள். நடுவில் எங்கேயும் நிற்கவில்லை. நான் ஒரு வார்த்தைகூட எடுத்துக் கொடுக்கவில்லை.

“இங்க வந்து என் பக்கத்துல குந்து” என்று இடம் ஒதுக்கினார் அவர். “எல்லாரையும் நீதான் இருட்டுல இருந்து இழுத்துட்டு வந்தியாமே, உங்க மாமா சொன்னாரு. அப்படியே இந்தத் தாடைக்குக் கீழ தொங்குதே, அதையும் கொஞ்சம் கம்மி பண்ணிக் குடுத்திருக்கலாம் இல்ல?”

“அதெல்லாம் கம்மி பண்ண முடியாதுங்க அத்தை” என்றாள் என் மகள். “இருக்கிறதைத்தான் காட்ட முடியும்.”

கூடமே சிரித்தது. பெரிய அக்கா அவள் தோளில் ஒரு அடி போட்டுவிட்டு அடுத்த பக்கத்தைத் திருப்பினார். அண்ணி எனக்குக் காபி கொண்டுவந்து கொடுத்தார். இரண்டு கையாலும் டம்ளரைப் பிடித்துக்கொண்டேன். அது சூடாக இருக்கும்போதே குடித்து முடித்தேன்.